வெண்மதி வாங்கிய ஐந்து முட்டை

கடலூர் முதுநகர்

சிதம்பரத்தில் இருக்கும் என் அன்பு மச்சான் இளவரசு அவர்களுக்கு, கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை புஷ்பவள்ளி சுகம். என் மனசுதான் சுகமில்லை.

உங்கள் மகன் சேரனும் என் மகள் வெண்மதியும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆன்லைன் படிப்பில் சேர்ந்தார்கள் அல்லவா? வெண்மதி ஒரு நேரலை வகுப்பைக்கூட விட்டதில்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஊரடங்குதான். மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, எனக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும். ஒருநாள் அவள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். வாசலில் மீன்காரத் தைலம்மாளிடம் நான் பேசிய பேரம் வகுப்பு முழுக்கக் கேட்டு, பாடம் நடத்திய பேராசிரியரே, "சங்கரா கிலோ என்னா வெல சொல்றாங்கம்மா?" என்று விசாரித்தாராம். இத்தனையும் பொறுத்தேன். நேற்று ரிசல்ட் வந்தது. போனை நீட்டி, "அஞ்சு பேப்பர்லயும் ஓ-ப்பா! ட்ரீட் எப்போ?" என்கிறாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். வரிசையாக ஐந்து முட்டை! துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

உடனே சேரனுக்குப் போன் போட்டேன். வகுப்பு நேரத்தில் தூங்கிவிட்டு, "ரெக்கார்டிங்ல பாத்துக்கலாம் மாமா" என்று சொல்கிற பிள்ளை அவன். "எல்லாத்துலயும் ஆர்.ஏ. மாமா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றான். ராங்க் ஏ! என்ன தன்னடக்கம் பாருங்கள்! இந்தப் பெருமையை மறைக்க மனசு வராமல்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நேரலையில் உட்கார்ந்தால் மார்க் கரைந்துவிடுகிறது மச்சான், சந்தேகமே இல்லை. இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று வெண்மதியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அழுகிறாள். அடுத்த தடவையும் முட்டை என்றால் படிப்பையே நிறுத்த வேண்டியதுதான். சேரனைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பி, தூங்கிக்கொண்டே படிப்பது எப்படி என்று இவளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். சேரனைப் போலவே எல்லாப் பிள்ளைகளும் தேறிவர நடராசர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
கலியமூர்த்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் புஷ்பவள்ளி இதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஏங்க, ஓ-ன்னா முட்ட இல்லீங்க, அதுக்கு மேல மார்க்கே கெடையாது! ஆர்.ஏ.ன்னா பெயிலு, திரும்ப எழுதணும்!" என்கிறாள். என் தங்கத்தை அழவைத்துவிட்டேனே மச்சான்! இதோ அவளுக்குப் பிரியாணி வாங்கக் கிளம்பிவிட்டேன். கடிதத்தைத் திரும்ப எழுத நேரமில்லை. திரும்ப எழுதுகிற வேலை சேரனுக்கே இருக்கட்டும். மேலே வெண்மதி என்று வருகிற இடமெல்லாம் சேரன் என்றும், சேரன் என்று வருகிற இடமெல்லாம் வெண்மதி என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.