சமாதானம் வேறு இலாகா

உலகத்தில் எத்தனையோ அரசுகள் எதிரி நாடுகளோடு சமாதானம் செய்துகொண்டிருக்கின்றன. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் சமாதானம் கொண்டுவரத் துணிந்த அரசு, சூரியன் உதித்த நாளிலிருந்து ஒன்றே ஒன்றுதான். அதன் நிழலில் வாழும் பாக்கியம் நம் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கிடைத்திருந்தது.

'இல்லற அமைதி (முறைப்படுத்தல் மற்றும் மேற்பார்வை) சட்டம்' அவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. சண்டையை ஒழிக்க வந்த சட்டத்தின் மேலேயே சண்டை போடுவது அழகல்ல என்று எதிர்க்கட்சியினர் பெருந்தன்மையோடு கொட்டாவி விட்டார்கள். சட்டம் சண்டையைத் தடை செய்துவிட்டது என்று சொல்பவர்கள் விஷமிகள். விண்ணப்பம் போட்டு, அனுமதி வாங்கி, அரசு மேற்பார்வையாளர் முன்னிலையில் யாரும் தாராளமாகச் சண்டை போடலாம். அனுமதியில்லாமல் வீட்டுக்குள் குரலை உயர்த்தினால் மட்டும் தொழில் லைசென்ஸ் ரத்தாகும். அவ்வளவுதான்.

மெக்கானிக்குக்குச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். எதையும் வேரோடு பிடுங்குவது அவளுக்குத் தொழில் பழக்கம். மின்விசிறியை அணைக்காமல் போனதில் தொடங்குகிற பேச்சு, கல்யாணத்தன்று அவருடைய அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதில் போய்த்தான் நிற்கும். அவரும் தன் பங்குக்குக் கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து, "சாப்பிட்டியா?" என்பார். "பசிக்கல" என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டு தட்டுகளை எடுத்து வைப்பாள். இப்படித்தான் எந்த மேற்பார்வையும் இல்லாமல், காட்டுமிராண்டித்தனமாக, அவர்கள் குடும்பம் நடந்துவந்தது.

புதிய சட்டத்தின் ஆறாவது பிரிவு, மூன்று வருஷத்துக்கு முந்தைய மனத்தாங்கல்கள் அனைத்தும் காலாவதி என்றது. அதைப் படித்த அன்று மெக்கானிக் தலைநகரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மா வெளியூரில் இன்னொரு ஆஸ்பத்திரி திறந்தார். அதை முழுப் பொறுப்பேற்று நடத்துவாளா என்று மெக்கானிக்கின் மனைவியைக் கேட்க வீட்டுக்குப் போன் செய்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் போனை எடுத்து, "அவ வரமாட்டா டாக்டர், வீட்ட விட்டு அவளால இருக்க முடியாது" என்று அவளுக்கும் சேர்த்துத் தானே யோசித்துப் பதில் சொல்லிவிட்டார். பிறகு அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டார். தினமும் காலையில் எழுந்து ஞாபகமாக மறந்துகொண்டிருந்தார்.

விஷயத்தை அவள் டாக்டரம்மாவிடமிருந்தே தெரிந்துகொண்டாள். தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் கூடத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, டாக்டர் போன் பண்ணாங்களாமே?"

மெக்கானிக் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. நாம அனுமதி வாங்கல."

"எனக்கு வந்த வேலைய வேணாம்னு சொன்னீங்களே, அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்குனீங்க?"

"அது சண்டை இல்லையே. அமைதியாத்தானே சொன்னேன்?"

சட்டப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒருத்தியின் வாழ்க்கையைத் தாழ்ந்த குரலில் தீர்மானிப்பதற்கு எந்தப் பிரிவிலும் தடையில்லை. அதை அவள் உரக்கக் கேட்டால்தான் குற்றம்.

அவள் விண்ணப்பித்தாள். சண்டையின் நோக்கம் என்ன, எதிர்பார்க்கும் முடிவு என்ன, அழும் உத்தேசம் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். உண்டு என்றால் அதற்குத் தனிப் படிவம். அலுவலக வரிசையில் ஜோடி ஜோடியாக நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட ஒழுங்கை அந்தக் கட்டடம் அதற்குமுன் கண்டதில்லை.

தேதி கிடைக்கும்வரை வீட்டில் "தண்ணி இருக்கா?", "இருக்கு" என்பதோடு பேச்சு நின்றது. மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. போவதா வேண்டாமா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. இவரோடு ஒரு தடவை மனசாரச் சண்டை போட்டால் தெரிந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது.

மேற்பார்வையாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சாவு வீட்டுக்கு வந்தவரைப் போல மெல்ல நடந்து, மேசைமேல் ஒரு சத்தமானியை வைத்தார். அதில் ஒரு முள்ளும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்களும் இருந்தன.

"ஆரம்பிங்கம்மா. விஷயத்துக்குள்ளயே பேசணும்."

"இவரு எப்பவுமே இப்படித்தான் சார்."

"'எப்பவுமே'ன்னு பொத்தாம்பொதுவாச் சொல்லக்கூடாது. தேதி சொல்லுங்க."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து."

"காலாவதி."

மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

"இவங்க அக்கா ஒரு தடவ என்ன செஞ்சாங்கன்னா..."

"அக்காவுக்கு நோட்டீஸ் போயிருக்கா? இல்லல்ல? அப்ப அக்காவ விட்டுடுங்க."

"இவரு கண்ணுக்கு நான் ஒரு மனுஷியாவே தெரியல சார்."

"ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

அவள் கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். காட்டுவதற்கு எதுவும் அகப்படவில்லை.

"சார், நான் கொஞ்சம் கத்தணும்."

"தாராளமாக் கத்துங்க. அது உங்க உரிமை. முள்ளு பச்சையத் தாண்டாமப் பாத்துக்குங்க, போதும்."

அவள் முயன்றாள். "என்னக் கேக்காம நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்றாள். அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொல்லும் குரலில் அது வந்தது. மேற்பார்வையாளர் திருப்தியோடு தலையாட்டினார்.

அடுத்து மெக்கானிக்கின் முறை. 'எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்' என்று ஒரு முழுநீளப் பேச்சே தயார் செய்து வைத்திருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் குரல் கூரையைத் தொடும், தப்பு தன்மேல்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும். இன்று சத்தமே இல்லாமல் உறைத்தது.

"சார், தப்பு என் மேலதான். நான் இவகிட்ட..."

மேற்பார்வையாளர் பதறிப்போய்க் கையை உயர்த்தினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க! மன்னிப்பா கேக்கப் போறீங்க?"

"ஆமா சார்."

"இங்க கேக்கக்கூடாது. நாங்க சண்டை இலாகா. சமாதானம் வேற இலாகா."

"அங்க யாரப் பாக்கணும்?"

"இன்னும் ஆள் போடல. போட்டதும் அறிவிப்பு வரும், அப்ப விண்ணப்பிங்க. இப்பக் கேட்டா அது அனுமதியில்லாத சமாதானம். உங்க லைசென்ஸ் போயிடும் சார், பாத்துக்குங்க."

"சாப்பிட்டியான்னாவது கேக்கலாமா?"

மேற்பார்வையாளர் விதிகளைப் புரட்டினார். "அதுவும் அவங்க இலாகாதான்."

மனைவி மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசுவதற்கான நேரம் முடிந்திருந்ததால் வாய் திறக்கவில்லை. கண்ணை மட்டும் எடுக்கவில்லை. மெக்கானிக் லைசென்ஸை நினைத்தார், அது போனால் நாளைக்கு எந்த லிஃப்டில் கை வைப்பது என்று நினைத்தார், வாயை மூடிக்கொண்டார். நல்ல குடிமகனுக்கு இதைவிட வேறு இலக்கணம் கிடையாது.

'சுமுகம்' என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேற்பார்வையாளர் போனார்.

மறுநாள் காலை அவள் இரண்டு பைகளோடு வாசலில் நின்றாள்.

"போறியா?"

"ஆமாங்க. டாக்டர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்."

"பஸ் ஏத்திவிடவா?"

"வேணாம்ங்க. நானே போய்க்குவேன்."

மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. "ஒரு வார்த்த கத்தித் திட்டிட்டாவது போயேன்!" என்றார்.

"இனிமே கத்துறதுக்கு என்னங்க இருக்கு?" என்றாள் அவள். அந்தக் குரல் பச்சைக்கும் கீழே இருந்தது. அவள் ஏறியதும் அடுக்குமாடியின் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அவர் பழுது பார்த்துவைத்த லிஃப்ட்தான். ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் இறங்கிப்போனது.

சில மாதங்கள் கழித்து மேற்பார்வையாளர் திருப்புளியோடு வந்து, வாசலில் பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்தத் தொடங்கினார். 'அரசு அங்கீகாரம் பெற்ற அமைதி இல்லம்' என்று அதில் பொறித்திருந்தது.

"வீட்டம்மா கையெழுத்து ஒண்ணு வேணுமே சார்?"

"அவ இங்க இல்ல."

"பரவால்ல, விடுங்க. தகடு வாங்குற வீட்டுல முக்காவாசி இப்படித்தான் இருக்கு."

மெக்கானிக்குக்கு அப்போதுதான் வெடித்தது. "பிடுங்குய்யா அதை! பிடுங்கிட்டுப் போய்யா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மேற்பார்வையாளர் கொஞ்சமும் கோபப்படாமல் கடைசித் திருகாணியை முறுக்கினார்.

"நல்லாக் கத்துங்க சார். வீட்டுல ஒரே ஆளுன்னா அது சண்டைக் கணக்குலயே வராது."

அந்த ஆண்டு நாட்டில் இல்லறச் சண்டைகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாக அமைச்சர் அவையில் அறிவித்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்ற நுட்பத்தைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு ஒருவரைக் குறைத்துவிட்ட அரசை வேறு எப்படித்தான் பாராட்டுவது?