எழும்பாத ரொட்டி வழக்கு

அன்று நீதிமன்றத்தில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தால் உள்ளே ஏதோ கல்யாண விருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். சாட்சிக் கூண்டில் ஏறப்போவது ஊசலார் அல்லவா! நூலில் ஒரு பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிடுவார். கண் பட்ட பொருளின் மேல் பிடித்தால் குண்டு கிறுகிறுவென்று சுற்றும். படாத பொருள் என்றால் அசையாது. மாடு பால் கொடுக்காததற்கும் மருமகன் வேலைக்குப் போகாததற்கும் அந்தக் குண்டுதான் காரணம் சொல்லியிருந்தது. மருமகன் சோம்பேறி என்று கண்டுபிடிக்கக் குண்டு எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரதிவாதி ஒரு தையல்காரி. ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்ததுதான் அவள் செய்த குற்றம். நூல் கோர்க்க அவள் நிமிரும்போதெல்லாம் அந்தப் பார்வை தெருவைத் தாண்டி, எதிர்க்கடை ரொட்டிக்காரரின் அடுப்புக்குள் புகுந்து, ரொட்டியை எழும்பவிடாமல் அமுக்குகிறதாம். வழக்குப் போட்ட அவரே சொன்னது இது. ஆகவே அவள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டுமாம். அவள் அறைக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான். இருட்டில் எதைத் தைப்பாள், விரலையா?

நீதிபதி அம்மா மேஜைமேல் தட்டை தட்டையாகக் கிடந்த ரொட்டிகளைப் பார்த்தார். “சேதம் இருக்கு, சரி. இவங்க பார்த்ததாலதான் வந்துச்சுன்னு எப்படி நிரூபிப்பீங்க?”

ஊசலார் ரொட்டிமேல் குண்டைப் பிடித்தார். சுற்றியது. கூட்டம் வாயைப் பிளந்தது.

நீதிபதி ஒரு சோதனை வைத்தார். மூன்று பெட்டிகளில் மூன்று புது ரொட்டிகள். பக்கத்து அறையில் தையல்காரி அதில் ஒன்றை மட்டும் ஆசை தீர முறைக்கட்டும்; எது என்று குண்டு சொல்லட்டும். அத்தனை பேர் முன்னால் ஊசலார் எப்படி மறுப்பார்? பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்.

தையல்காரி அறைக்குள் போனதும் நீதிமன்றச் சேவகரான டவாலி கதவைச் சாத்தினார். பெட்டிகள் மூன்றும் முன்பே அரக்கு வைத்து மூடியிருந்தன. எதையும் பார்க்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்பது அம்மாவின் உத்தரவு என்றார். சும்மா இருக்கத்தான் அவளுக்குத் தெரியாதே! டவாலியின் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதைத் தைத்துக் கொடுத்தாள்.

பெட்டிகள் வெளியே வந்தன. முதல் பெட்டிமேல் குண்டு அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பம்பரமாய்ச் சுற்றியது.

“அப்பப்பா, என்ன முறைப்பு! இதைத் தின்னா மூணு தலைமுறைக்கு வயிறு விளங்காது” என்றார் ஊசலார். முன்வரிசையில் ஒருவர் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்.

டவாலி கூண்டேறி நடந்ததைச் சொல்லிப் பொத்தானைக் காட்டினார். பொத்தானைப் பார்த்த பார்வைதான் பெட்டிக்குத் தாவிவிட்டது என்று சமாளித்தார் ஊசலார். சரி, பொத்தான்மேல் பிடித்துக் காட்டுங்கள் என்றார் நீதிபதி. பிடித்தார்.

“குண்டு தானா சுத்தலைங்க. உங்க கைதான் சுத்துது” என்றார் நீதிபதி.

அப்போதுதான் தையல்காரிக்கு வாய் வந்தது. “அம்மா, அந்தத் தட்டை ரொட்டியை யாராச்சும் தின்னு பார்த்தீங்களா?”

அளந்திருந்தார்கள், படம் எடுத்திருந்தார்கள், குண்டைச் சுற்றவிட்டிருந்தார்கள். கடித்துப் பார்க்க மட்டும் ஒரு ஜீவன் இல்லை. நீதிபதி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. ஒரே உப்பு!

ரொட்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே ஊசலாரைக் கைகாட்டினார். “கண்ணு படாம இருக்க இவர்தாங்க உப்பு மந்திரிச்சுக் கொடுத்தாரு. மாவுல போட்ட அன்னைக்கே ரொட்டி படுத்துருச்சு. கண்ணு பட்டுருச்சேன்னு இன்னும் ரெண்டு கை சேர்த்துப் போட்டேன்.”

அத்தனை உப்பில் எந்த ஈஸ்ட் உயிரோடு இருக்கும்? ரொட்டியைக் கெடுத்தது பார்வை அல்ல, பரிகாரம் என்று தீர்ப்பாயிற்று. ஜன்னல் பிழைத்தது. ஊசலாரைத் தேடினால் பின்வாசல்தான் திறந்து கிடந்தது.

மறுநாள் வெளிச்சத்தில் அவள் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். வழக்கு முழுவதையும் உட்கார்ந்து பார்த்த சலூன்காரர் மெல்ல வந்து ஜன்னலில் குனிந்தார்.

“அக்கா, முக்குல ஒருத்தன் புதுசா சலூன் போட்டிருக்கான். ஒரே ஒரு தடவை முறைச்சு விடேன்.”

தையல்காரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“தம்பி, ஊர்ல எல்லார் தலையையும் நீதான் கவனிச்சுக்கிற. உன் தலையையும் கொஞ்சம் கவனி. உள்ள இருக்கிற மூளையை இன்னும் பொட்டலம் பிரிக்கவே இல்ல போலிருக்கு.”