பாஸ்போர்ட்டுக்கு வைத்த பொட்டு

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஃபாரின் போனேன். மெட்ராஸ் மீனம்பாக்கம் வரைக்கும். அதற்கு மேல் என்னைப் போகவிடாமல் தடுத்தது வேறு யாருமில்லை, என் வலது கை மோதிர விரல்தான். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. (முதல் பத்து வருஷம் நிறையவே இருந்தது.)

தொண்ணூறுகளில் நடந்த கதை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். நானும் மகள் மீனாவும் மைசூரில், கிருஷ்ணமூர்த்திபுரத்தில் ஒரு வாடகை வீட்டில். அவர் கிளம்பியபோது மீனாவுக்கு இரண்டு வயது. அதனால் அவளுக்கு அப்பா என்றால் டேப் ரெக்கார்டர்தான். மாதம் ஒரு கேசட் வரும். "அம்மிணி, சாப்பிட்டயா கண்ணு?" என்று அவருடைய சொந்த ஊரான ஹனூர்ப் பேச்சில் குரல் கேட்கும். இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, "சாப்ட்டேம்ப்பா" என்று பதில் சொல்வாள். அது திரும்பிப் பேசாது. இவள் விடாமல் அடுத்த கேள்விக்குக் காத்திருப்பாள். அதைப் பார்க்க மாட்டாமல் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

மூன்று வருஷம் கழித்து அவரை ஃபோர்மன் ஆக்கினார்கள். குடும்பத்தோடு இருக்க ஃபிளாட் தருகிறோம் என்றது கம்பெனி. விசாவுக்கும் எழுதிப்போட்டார். அன்றிலிருந்து அவருடைய கடிதங்கள் வேறு தினுசாக மாறிவிட்டன. உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்காவது புருஷன் கடிதத்தில் வெங்காய விலை வருமா? எனக்கு வந்தது. வெங்காயம் இவ்வளவு, தக்காளி இவ்வளவு, ஒரு கட்டு கொத்தமல்லி இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு வண்டிச் செலவு தனி, வெயில் காலத்தில் பகலில் தலைகாட்ட முடியாது என்று நாலு பக்கம் எழுதுவார். மனுஷர் எதையும் நின்று நிதானித்துச் செய்பவர். கடைசிக் கடிதத்தின் கீழே கோடு போட்டு எழுதியிருந்தார்: 'வீட்டை மட்டும் காலி பண்ணிடாத சரோஜா. மூணு மாசம் இருந்து பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்.'

அந்தக் கோட்டை நான் பார்க்கவே இல்லை. கொத்தமல்லி விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்ததிலேயே எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. அந்தக் காசுக்கு தேவராஜா மார்க்கெட்டில் ஒரு பை நிறையக் காய்கறி வாங்கி, மிச்சத்தில் பூவும் வாங்கலாம். இந்த லட்சணத்தில் இங்கே ஒரு வாடகை, அங்கே ஒரு செலவா? என்னைவிடக் கெட்டிக்காரி இந்த மைசூரிலேயே கிடையாது என்ற நினைப்பில் இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, வீட்டைக் காலி செய்வது. இரண்டு, மஸ்கட்டில் போய் எதையுமே வாங்காமல் இருப்பது.

சாம்பார்ப் பொடி, புளி, அப்பளம், மாவடு, இட்லித் தட்டு, விளக்குத் திரி எல்லாவற்றையும் கட்டினேன். தென்னந்துடைப்பம் ஒன்றைப் பழைய புடவையில் சுற்றி உள்ளே தள்ளினேன். மெட்ராஸ் வரை துணைக்கு வர இருந்த என் அண்ணன் பார்த்துவிட்டு, "அடியே, நீ குடும்பம் நடத்தப் போறியா, மளிகைக்கடை வெக்கப் போறியா?" என்றான். "அந்த ஊர்ல துடைப்பம் என்ன விலை தெரியுமா உனக்கு?" என்று அவன் வாயை அடைத்தேன். (எனக்கும் தெரியாது.)

வீட்டுச் சாமான்களைத் தெருவுக்கே தாரை வார்த்தேன். கட்டில் ஒரு வீட்டுக்கு, ஸ்டவ் ஒரு வீட்டுக்கு, துளசித் தொட்டி ஒரு வீட்டுக்கு. கிரைண்டர் பக்கத்து வீட்டு சாவித்ரம்மாவுக்கு. அந்த அம்மாள் கன்னடக்காரர். என்னோடு பேசிப் பேசி, கன்னடமும் தமிழும் கலந்த ஒரு பாஷையைத் தனக்கென்று வைத்திருந்தார். அவர் தலைமையில் தெருவே கூடி எனக்கு மடியில் தேங்காய் வைத்துக் கட்டி, ஆரத்தி எடுத்தது. கல்யாணத்துக்குக்கூட எனக்கு அவ்வளவு மரியாதை நடக்கவில்லை.

இனி விரல் விஷயத்துக்கு வருகிறேன்.

கிளம்பும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான்: வீட்டுக்குள் புதிதாக எந்தக் காகிதம் வந்தாலும், பாங்க் பாஸ்புக்கோ, பத்திரிகையோ, பரீட்சை நுழைவுச் சீட்டோ, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்குக் கீழே வைத்து எடுப்போம். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தடவாமல் விட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? மஞ்சளைக் குழைத்து நாலு மூலைக்கும் தடவினேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆசையாகப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் போட்ட வெளிச்சத்தில் என் சின்னப் பொட்டு படத்தில் விழவே இல்லை. வெறும் நெற்றி. மூன்று வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கப் போகிறவள் பாழ் நெற்றியோடா போவாள்?

வீட்டில்தான் நல்ல மைசூர்ச் சந்தனக்கட்டை இருந்ததே. தண்ணீர் விட்டு இழைத்தேன். மோதிர விரலால் என் படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். படத்தில் இருந்தவள் அப்போதுதான் எனக்கே பிடித்தமாதிரி இருந்தாள். அவருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டே ஈரம் காய்வதற்குள் மூடி, சாமி படத்தடியில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு தேங்காயையும் வைத்தேன். சாயங்காலம் எடுத்துக் கைப்பையில் போட்டு, மெட்ராஸ் ரயில் ஏறினோம்.

ரயிலில் மீனா தூங்கவே இல்லை. "அப்பா எங்க நிப்பாரு?" என்று நூறு தரம் கேட்டாள். "ஏர்போர்ட்ல நிப்பாரு. மீசை வெச்சிருப்பாரு. சாப்பிட்டயான்னு கேப்பாரு" என்று நானும் நூறு தரம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் அந்த மீசை கண் முன்னால் வந்து நின்றது. அடுத்த நாள் இந்நேரம் அவர் பக்கத்தில் இருப்போம் என்ற நினைப்பிலேயே எனக்கும் தூக்கம் போய்விட்டது.

காலையில் விமான நிலையம். அண்ணனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தாள். பிரியவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், எழுந்து போய் ஓர் அதிகாரியைக் கூட்டிவந்தாள். நடுவயது, கண்ணாடி, நல்ல அடர்த்தியான மீசை.

"இதுல இருக்கறது யாரும்மா?"

"நான்தான் சார்."

"முகம் எங்க?"

"கன்னமும் வாயும் இந்தப் பக்கம் இருக்கு சார். நெத்தி எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்கிச்சு."

அவர் எதிர்ப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே என் நெற்றி பொட்டோடு மங்களகரமாக இருந்தது. படத்தின் மேல் குத்தியிருந்த முத்திரை சந்தனத்தில் கரைந்து ஓடியிருந்தது.

"ஏம்மா, பாஸ்போர்ட்டுக்கு யாராவது பொட்டு வெப்பாங்களா?"

"நேத்து வெள்ளிக்கிழமை சார்," என்றேன்.

"உசிரோட இருக்கறவங்க போட்டோவுக்கு நம்ம பக்கம் பொட்டு வெக்க மாட்டாங்களேம்மா" என்றார். அட ராமா! அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கையாலேயே எனக்குத் திவசம் நடத்திவிட்டு, ஏழு மூட்டையோடு வந்து நிற்கிறேன்.

"போட்டோ கிழிஞ்ச பாஸ்போர்ட்டோட அனுப்ப முடியாதும்மா. அனுப்பினாலும் அங்க இறங்கவிட மாட்டாங்க, குழந்தையோட அடுத்த விமானத்துல திருப்பிடுவாங்க. புதுசு எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் தன்மையாக. மீனாவின் பெயரையும் என் பாஸ்போர்ட்டிலேயே எழுதியிருந்தார்கள். ஆக, ஒரே பொட்டில் இரண்டு பேர் பயணம் போச்சு. நான் "சார், சார்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே மீனா என் கையை உதறிவிட்டு அவரிடம் போனாள். புது கவுனைச் சரிசெய்துகொண்டு, அவர் மீசையை நிமிர்ந்து பார்த்து, "சாப்ட்டேம்ப்பா" என்றாள்.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. விமான நிலையம் என்றும் பார்க்காமல், அப்பள மூட்டையின் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வெளியே வந்ததும் அண்ணன் திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனை. பூத்திலிருந்து என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு போன் போட்டோம். யாரோ எடுத்தார்கள், நாங்கள் சொன்னது யாருக்கோ புரிந்தது. சேதி அவருக்கு மறுநாள்தான் கிடைத்தது.

மைசூருக்குத் திரும்பியது அதைவிடக் கொடுமை. பட்டப்பகலில், தெரு முழுக்க வாசலில் நிற்கும்போது, அதே ஏழு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினோம். ஆரத்தி கொட்டிய செங்கறைகூட வாசலில் இன்னும் அழியவில்லை. நல்லவேளை, 'டு லெட்' பலகை தொங்கிய வீட்டுக்கு ஆள் வரவில்லை.

"யாக்ரீ, வாபஸ் பந்த்ரா?" என்று சாவித்ரம்மா ஓடிவந்தார். ஏன் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? "விமானம் கேன்சல்" என்றேன் கம்பீரமாக.

"அம்மா பாஸ்போர்ட்டுக்குப் பொட்டு வெச்சுட்டாங்க" என்றாள் மீனா, தெருவுக்கே கேட்கும்படி.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற வாய் எனக்கில்லை. அன்று காலி வீட்டில், மஸ்கட்டுக்குக் கட்டிய துடைப்பத்தால் கூட்டி, தரையில் புடவை விரித்துப் படுத்தோம். மறுநாள் காலை கதவைத் திறந்தால் சாவித்ரம்மா, பின்னால் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்காரர். "ஹோக்லி பிடி சரோஜா, போனா போகுது. நான் இன்னும் ஆன்கூட மாடில்ல" என்றார். அதாவது, ஸ்விட்சைக்கூடப் போடவில்லையாம். மத்தியானத்துக்குள் ஸ்டவ் வந்தது, கட்டில் வந்தது, துளசியும் வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. அந்தக் கிரைண்டருக்குள் உளுந்து மாவு ஒட்டியிருந்ததை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

புது பாஸ்போர்ட் வர மாதங்கள் ஆயின. அதற்குள் விசா காலாவதி ஆகி, எங்களுக்கென்று ஒதுக்கிய ஃபிளாட்டும் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. அவர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு பொட்டுக்கு ஒன்றரை வருஷம். மீனாவுக்கு முதல் பல் விழுந்தது, எழுதப் படிக்க வந்தது, எல்லாவற்றையும் அவர் கேசட்டில்தான் கேட்டார்.

அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நாங்கள் வரவேண்டிய விமானத்திலிருந்து கடைசி ஆள் வெளியே வரும்வரை மஸ்கட் ஏர்போர்ட்டில் நின்றாராம். அடுத்து வந்த விமானத்துக்கும் நின்றாராம். கையில் மல்லிகைப்பூ வைத்திருந்தாராம். கொத்தமல்லி வரைக்கும் விலை எழுதிய மனுஷர், அந்தப் பூ என்ன விலை என்று மட்டும் எத்தனை தரம் கேட்டும் சொன்னதில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போதும் யார் எதை மறந்துவிட்டு வந்தாலும், "நெத்தி எதிர்ப் பக்கத்துல இருக்கா பாரு" என்பார்கள். யாருக்காவது பாஸ்போர்ட் வந்தால் முதல் வேலையாக என்னிடமிருந்து அதை ஒளித்துவைப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

மீனா இப்போது புருஷன், பிள்ளையோடு அயர்லாந்தில். அங்கே வாடகை எவ்வளவு, பால் எவ்வளவு என்று போனில் ஒப்பிப்பாள், அப்பா மகள்தானே. போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது, பெட்டியெல்லாம் டாக்ஸியில் ஏற்றியாகிவிட்டது. நான் குங்குமச் சிமிழோடு வாசலில் நின்றேன். வழக்கம்போல எல்லோரும் அவரவர் பாஸ்போர்ட்டைப் பையில் தள்ளிச் சிரித்தார்கள். மீனா மட்டும் தன்னுடையதை வெளியே எடுத்தாள். படம் இருக்கிற பக்கத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள்.

"வெச்சுடும்மா. நான் இங்கயே இருந்துடறேன்" என்றாள்.

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் விரலில் குங்குமம் தயாராகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரு நிமிஷம், வைத்துவிடலாமா என்று பார்த்தேன். பிறகு அவள் நெற்றியில் வைத்தேன்.