மூன்று கருவிகளும் ஒரு சாம்பியன் ரீப்ஸ்காரியும்

சொந்த ஊருக்கு வழி கேட்பதை மானக்கேடாக நினைப்பவர்கள் எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அதிகம். அதில் முதல் ஆள் நான்தான். (இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.)

பெங்களூரில் சின்ன விமானங்களுக்கான கருவிகள் விற்கும் கடையில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தேன். விமானிகள் கையோடு எடுத்துப்போகும் ஜிபிஎஸ் மூன்று வகை வந்திருந்தது. பறந்து பார்த்து, எது நல்லது என்று நான் அறிக்கை எழுதினால்தான் வேலை நிரந்தரம். எந்தப் பக்கம் போகலாம் என்று விமானத்தை ஓட்டப்போகும் கேப்டன் நாகராஜ் கேட்டார். "எங்க ஊருக்கே போலாம் சார்" என்றேன்.

அன்று மாலை வேலை முடிந்து ஊரில் ரயிலை விட்டு இறங்கியதும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். சுரங்கத்தில் முப்பது வருஷம் கீழே இறங்கிய அப்பா எனக்கும் மேலே. "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எம் பொண்ணு பிளேன்ல வருது. எல்லாரும் சயனைடு மேட்டாண்ட வந்துடுங்க" என்று கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். (சயனைடு மேடு என்பது, தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டியே உண்டான குன்று.)

ஞாயிற்றுக்கிழமை மடியில் மூன்றையும் வைத்துக்கொண்டு பறந்தேன். ஒன்று வெயிலில் கையால் மறைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. இன்னொன்றின் பொத்தான் அரிசி அளவு. மூன்றாவதுதான் சமர்த்து. இதையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தவள், கீழே வெளுப்பாக ஒரு மேட்டைக் கண்டதும் துள்ளினேன்.

"இதான் சார் எங்க ஊரு."

"மூணும் இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்னு காட்டுதேம்மா."

"மூணுமே தப்பு சார். நான் இங்கியே பொறந்தவ."

சொன்னதோடு விட்டேனா? 'மூன்றும் நம்பத்தகாதவை' என்று அறிக்கையிலும் எழுதினேன். அரை மணி நேரம் அந்த மேட்டையே சுற்றவைத்து, கீழே நின்ற இரண்டு பேருக்குக் கை வலிக்க ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். (பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ.)

கேப்டன் நிதானமாகக் கேட்டார். "உங்க ஊர்ல ரயில் ஓடுமில்ல? தண்டவாளத்தையே காணோம். கல்லு லாரிதான் நிக்குது."

கல்குவாரி. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. வேலை போனால் போகட்டும், அப்பா ஊருக்கு என்ன பதில் சொல்வார்?

"மிஷின் சொல்ற எடத்துக்கே போங்க சார்" என்றேன்.

சில நிமிஷங்களில் தண்டவாளம் தெரிந்தது. பிறகு சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் ஷாஃப்ட் கோபுரம், சயனைடு மேடு. கூட்டம் கலைந்துபோயிருந்தது. உச்சியில் ஒரே ஒருவர் மட்டும் சிவப்புப் போர்வையை வீசிக்கொண்டிருந்தார். அழுதுவிட்டேன். கேப்டன் பார்க்காத மாதிரி இன்னொரு சுற்று சுற்றினார்.

தரையிறங்கியதும் அறிக்கையில் என் வரியை அவரே அடித்துவிட்டு, 'மூன்றும் சரி, ஊர்க்காரிதான் தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றதெல்லாம் துல்லியமாக இருந்ததாம். வேலை நிரந்தரமானது.

சாயங்காலம் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னாம்மா நீ. ஷிஃப்ட் முடிஞ்சி நான் மேல வர லேட்டானா உங்கம்மா ஷாஃப்டாண்ட வந்து நிப்பா. உனக்காக நான் நிக்க மாட்டனா?" என்றார். அதோடு விடாமல், கலைந்துபோன அத்தனை பேரிடமும் போய், "சரியா பத்துக்குத்தான் வந்துச்சு. உங்க கடியாரம் எல்லாமே தப்பு" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்றைக்கும் வீட்டில் என்ன வாக்குவாதம் வந்தாலும் அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "அப்பனும் சரி, பொண்ணும் சரி. மிஷினுதான் தப்பு. வந்து சாப்புடுங்க."