எட்டு ஜிபி மாமா, பன்னிரண்டு ஜிபி மாமா

கட்டிலின் மேல் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஆத்மநாதன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சுதான். கறுப்பு நிறம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஆளுக்கு இரண்டு விசிறி. கம்ப்யூட்டருக்குள் சொருகினால் படமெல்லாம் பறக்குமாம். கிராபிக்ஸ் கார்டு என்று பெயர்.

மகள் இலக்கியா அனிமேஷன் படித்து, கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்துவிட்டு, திருவரங்குளம் வீட்டு முன்னறையிலேயே ஸ்டுடியோ போடுகிறாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். கார்டு மட்டும்தான் பாக்கி.

தாய்மாமன்கள் இருக்கும்போது பாக்கி நிற்குமா? பெரியவர் வெற்றிசெல்வன் கீரமங்கலத்தில் தென்னந்தோப்புக்காரர். சின்னவர் வசந்தகுமார் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருப்பவர். இலக்கியாவின் காதுகுத்துக்கு அண்ணன் ஒரு கடாவோடு வந்தார் என்பதற்காகத் தம்பி இரண்டு கடா பிடித்துக்கொண்டு வந்த வம்சம் அது. பொங்கலுக்குப் பிறகு இருவருமே, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஆளுக்கொரு கார்டு வாங்கி ஆத்மநாதனிடம் ரகசியமாகக் கொடுத்திருந்தார்கள்.

"பிள்ளைக்குத் தெரியவேணாம் மாப்ள. சபையில தட்டுல வச்சுக் குடுக்கணும். எனக்கா தோணுச்சு" என்றார் பெரியவர்.

"எனக்காத் தோணுச்சு அத்தான்" என்றார் சின்னவரும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டுதானே? ஒன்றைச் சொருகினால் இன்னொன்று பெட்டியிலேயே தூங்கும். தூங்கும் கார்டின் சொந்தக்காரர் தூங்கமாட்டார். 

மனைவி சொர்ணவல்லி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "எங்கண்ணன் தம்பி ரெண்டு பேருல யாரு மூஞ்சி வாடுனாலும் நான் கீரமங்கலத்துக்குப் போயிருவேன். நீங்களே பொங்கித் தின்னுக்கங்க."

சோறு போனால் போகட்டும். பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த அண்ணனும் தம்பியும் இந்தப் பொங்கலுக்குத்தான் ஒரே பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். அன்றைக்கு சொர்ணவல்லி அடுப்படியில் நின்று அழுததை ஆத்மநாதன் பார்த்துவிட்டார். அந்தப் பாய் மறுபடி சுருட்டப்பட்டால் அவராலும் தாங்க முடியாது.

மகளிடம் மெல்ல நூல் விட்டார்.

"ஏம்மா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. எட்டு ஜிபி கார்டு, பன்னெண்டு ஜிபி கார்டு. எது ஒசத்தி?"

இலக்கியா செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஜிபிங்கிறது அதோட ஞாபக எடம்ப்பா. திருவிழாக் கூட்டம் மாதிரி பெரிய காட்சின்னா பன்னெண்டுதான் தாங்கும். எட்டு மூச்சு முட்டி நின்னுரும்."

ஆத்மநாதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே பெரியவருக்குப் போன் போட்டார். "மச்சான், ஒங்க கார்டுதான் பெருசு!"

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்குள் அது குடும்ப வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. வாங்கிய அன்றே எடுத்து வைத்திருந்த படம்: மாலைபோட்ட கார்டு, பக்கத்தில் மீசையோடு பெரியவர். ரகசியம் சந்திக்கு வந்தாயிற்று. குழுவில் இலக்கியா இல்லாததுதான் ஒரே ஆறுதல்.

அடுத்த நொடி சின்னவர் கூப்பிட்டார். "என்ன அத்தான், ஆள் பாத்துப் பேசுறீங்களா? என்னோடது அதுக்கு அடுத்த தலைமுறை!"

ஆத்மநாதன் மறுபடி மகளிடம் ஓடினார். "எட்டு ஜிபி புது மாடலாம்லம்மா?"

"அப்ப வேகம் அதுதாம்ப்பா. சாதாரண வேலைய அது முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிரும். கரண்டும் கம்மி. எட்டு குடிக்கிறது நூத்திப் பதினஞ்சு வாட்ஸ், பன்னெண்டு குடிக்கிறது நூத்தி எழுவது."

அதைச் சின்னவரிடம் சொல்லிக் குளிரவைத்தார். சின்னவர் குழுவில் பேசிப் பதிவு போட்டார்: "அண்ணன் கார்டு நூத்தி எழுவது வாட்ஸ் குடிக்குதாம்!" 

இதற்குப் பெரியவர் சுருண்டுவிடுவார் என்று சின்னவர் நினைத்தார். பெரியவருக்கோ தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா! அவனே ஒத்துக்கிட்டான்! என் தோப்புல அஞ்சு எச்பி மோட்டார் ஓடுது. மூணு எச்பி அதுக்கிட்ட நிக்க முடியுமா? நூத்தி எழுவதுன்னா நூத்தி எழுவதுதான்!"

சொந்தக்காரர்கள் கட்சி பிரிந்தார்கள். கார்டைக் கண்ணால் காணாத பொற்கொடி சித்திகூட எட்டு ஜிபி பக்கம் நின்றாள். கடைசியில் பெரியவர் ஒரு யோசனை சொன்னார்.

"வெள்ளிக்கிழமை சபையிலயே ரெண்டையும் அவுத்து விட்டுருவோம். எது நின்னு வெளாடுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

கார்டை வாடிவாசலுக்கே கொண்டுவந்துவிட்டார் மனிதர். ஆத்மநாதன் கடைசி முயற்சியாக மகளிடம் வந்தார்.

"அந்த ஆபீஸ்காரரு, ஒண்ணத் திருப்பிக் குடுத்துட்டா என்னன்னு கேக்குறாரு."

"பெட்டியப் பிரிச்சா கடையில எடுக்க மாட்டாங்கப்பா" என்றாள் இலக்கியா. "ஆசையா வாங்குனதுல்ல, பாவம். ரெண்டுமே இருக்கட்டும்னு சொல்லுங்க."

தங்கமான பிள்ளை. யாரோ ஒரு ஆபீஸ்காரருக்காக எவ்வளவு இரக்கம்! அவள் முகத்தைப் பார்த்ததும் ஆத்மநாதனுக்கு ஒரு வழி பிறந்தது.

பெரியவரைத் தனியே பிடித்து, "ஒங்களோடதத்தான் சொருகப் போறோம் மச்சான். தம்பியோடது சும்மா ஸ்பேருக்கு. வெளிய காட்டிக்காதீங்க, மனசு ஒடஞ்சிருவாரு" என்றார். சின்னவரையும் தனியே பிடித்து அதையே திருப்பிச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் வீடு அமைதியாக இருந்தது. பழத்தட்டு நடுவே எட்டு ஜிபியும் பன்னிரண்டு ஜிபியும் குங்குமப் பொட்டோடு வீற்றிருந்தன. அண்ணனும் தம்பியும் ஒரே பாயில். தோற்றுப்போன தம்பியென்று அண்ணன் பரிவோடு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். தோற்றுப்போன அண்ணனென்று தம்பி அதைப் பணிவோடு வாங்கிக்கொண்டார். சோதித்துப் பார்க்கும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. சொர்ணவல்லி கணவனின் டம்ளரில் இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாள். அந்த ஒரு டம்ளருக்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம் என்று ஆத்மநாதனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் ஆலங்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முகமது அஸ்வர் வேனில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். இலக்கியா திடீரென்று எல்லோருக்கும் பாயசம் எடுத்துவர அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆத்மநாதன் பாய்ந்துபோய் அஸ்வரின் காதில் கிசுகிசுத்தார். "தம்பி, ரெண்டுல ஒண்ண மட்டும் சொருகிட்டு மூடிய மூடிருங்க. எதுன்னு யாருக்கும் தெரியவேணாம்."

அஸ்வருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"ஒண்ணு மட்டுமா? என்னண்ணே நீங்க! பெரிய மாமாட்ட பன்னெண்டும் சின்ன மாமாட்ட எட்டும் வந்துரும், ரெண்டும் சேந்து ஓடுற மாதிரி மிஷின் வேணும்னு இலக்கியா பாப்பா போன தீவாளிக்கே ஆர்டர் குடுத்துட்டுப் போச்சே!"