கிளட்சுக்குப் பொட்டு வைத்தேன்

பயந்தவன் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டான் என்று நினைக்கிறார்கள். தப்பு. எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்கிறவன் பயந்தவன்தான். அடுத்தவரை நம்பிக் கொடுக்க அவனுக்குப் பயம். (கேஸை மூடினேனா என்று இப்போதுகூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன். மூடித்தான் இருந்தது.)

என் மச்சினிச்சி கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது என் பழைய கார் மந்தைவெளி சிக்னலில் உறுமிக்கொண்டு நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, வண்டி வரவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் எதற்கு, என் கார் இருக்கிறதே என்று மாமியார் வீட்டில் மார்தட்டியிருந்தேன். தெருமுனை மெக்கானிக் காதர் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"கிளட்சு பூட்ச்சி நைனா. ஃப்ளைவீலும் தேஞ்சி கீது. வண்டிய வுட்டுட்டுப் போ, பாத்துக்கலாம்."

வுட்டுட்டுப் போவதா? நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு வேறு எதையாவது மாட்டிவிட்டால்? என் காரில் ஏறிப் போய் பீச்சில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தால்? யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே திரும்பி வந்துவிட்டேன். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மெஷினில் பேப்பர் சிக்கினால் நானே பிரித்து நானே மாட்டுவேன். கார் மட்டும் என்ன, கொஞ்சம் பெரிய ஜெராக்ஸ் மெஷின்தானே என்று தோன்றியது.

ஜி.பி. ரோட்டில் சாமான் வாங்கி வந்து, குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் படுத்தேன். போனில் ஓடிய வீடியோவில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே கழற்றினான். நான் அழாத குறை. கியர்பாக்ஸ் இறங்கும்போது அடிபடாமல் இருக்கத் தலையணை வைத்தோம். (என் தலையணை. இன்றைக்கும் அதில் கிரீஸ் வாசனை போகவில்லை.) டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி சுமதி ஒன்றுதான் சொன்னாள்.

"ஒங்க பயத்துக்கு என் தங்கச்சி கல்யாணத்த பலி குடுத்துடாதீங்க."

அங்கேதான் என் பயம் இரட்டித்தது. புது ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டும் பளபளவென்று கிடந்தன. புதுச் சாமானை வெறுமனே மாட்டலாமா? மிக்ஸி வாங்கினாலே பொட்டு வைக்கிற வீடு. சுமதி கியர்பாக்ஸின் வெளிக்கூட்டின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. வெளியே வைத்தால் உள்ளே இருப்பதை யார் காப்பாற்றுவது? சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். இரும்பில் சந்தனம் ஒட்டவில்லை. நல்லெண்ணெயில் குழைத்தேன். ஃப்ளைவீல் முகம் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பொட்டு. கிளட்ச் தட்டுக்கு இரண்டு பக்கமும். நடுவில் பெரிதாகக் குங்குமம்.

அந்த இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் என்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகுமாம். நடுவில் எண்ணெய் பட்டால் வழுக்கிவிடுமாம். உராய்வு என்று ஒரு பாடம் இருக்கிறதாம். அது வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டேன்.

மாட்டி முடித்து வளாகத்தை ஒரு சுற்று வந்தேன். வண்டி ஓடியது. லேசாகச் சந்தன வாசனை வந்தது. கடவுள் கூடவே உட்கார்ந்திருக்கிறார் என்று கண் கலங்கினேன்.

மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து லஸ் பக்கத்து மண்டபத்துக்கு ஊர்வலம். முன்னால் நாதஸ்வரம், பின்னால் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை பாலாஜியோடு என் கார், ஆமை வேகத்தில். கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் சந்தனம் கமகமத்தது. ஜன்னல் ஓரமாக நடந்துவந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மெச்சிக்கொண்டார்.

"பரவால்லையே, சாம்பிராணி ஏற்பாடெல்லாம் பலமா இருக்கே."

நான் அடக்கத்தோடு சிரித்தேன். (ஏன் மறுக்க வேண்டும்?)

அடுத்து வந்தது ஒரு வேகத்தடை. என்ஜின் தவிலையே அமுக்குகிற அளவுக்குக் கத்தியது. தவில்காரர் திரும்பி என்னை முறைத்தார். வண்டி மட்டும் ஏறவில்லை. பானட்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. சந்தனம் போய், தீய்ந்த நாற்றம் வந்தது. பெரியப்பா இருமினார். நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை வண்டி நடுரோட்டில் நின்றால் பெண் வீட்டாரை என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பின்னால் ஆட்டோவில் வந்த மாமியார் கண்ணை மூடிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணமே நின்றுவிட்டதாக மனசுக்குள் முடிவு செய்து, சாப்பாட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை போய்விட்டேன்.

பின்கதவு திறந்தது. பாலாஜி இறங்கினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். மாலையைக் கழற்றிப் பெரியப்பா கழுத்தில் போட்டார். கோட்டுக் கையை மடித்துக்கொண்டு ஜன்னலில் குனிந்தார்.

"அண்ணா, நீங்க ஸ்டியரிங்க மட்டும் புடிங்க. தள்றத நான் பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை தள்ள, பெரியப்பா மாலையோடு தள்ள, நாதஸ்வரம் மறுபடி பிடித்துக்கொள்ள, மண்டபம் போய்ச் சேர்ந்தோம். ஆரத்தித் தட்டோடு காத்திருந்த பெண்கள் திருதிருவென்று விழித்துவிட்டு, மாலை போட்டிருந்த பெரியப்பாவுக்குச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள்.

மறுவாரம் வண்டி காதர் பாயிடமே போனது. பிரித்துப் பார்த்தார். பிறகு பொட்டு வைத்த கிளட்ச் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் ஒரு சுற்று போய்வந்தார்.

"பொட்டு வச்ச சரி நைனா. வளைகாப்பு என்னிக்கு வச்சிகீற?"

பாலாஜி இப்போது என் சகலை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பிராணி போட்டால் போதும், "அண்ணா, வண்டிய எடுத்துட்டீங்களா?" என்பார். போன மாதம் அவர் புதுக் கார் வாங்கினார். முதல் ஆளாக என்னைத்தான் ஓட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். குங்குமக் கிண்ணத்தைத் தேடினேன். சுமதி அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடியிருந்தாள்.