பெருக்கித் தள்ளிய பெயர்கள்

கதவில் பொருத்திய பாதுகாப்புப் பெட்டி, "இந்தப் பெயர் தெரியவில்லை" என்று மறுபடியும் திரையில் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"மத்தியானம் இதைப் பாக்க கஸ்டமர் வர்றாரு. அதுக்குள்ள இது ஓடலைன்னா உன் ப்ரமோஷனை மறந்துடு," என்றார் மேனேஜர், பெட்டிக்கு மென்பொருள் எழுதியவனிடம்.

எதைக் கண்டாலும் குறைக்கத் துடிப்பவன் என்பதால் ஆபீஸில் அவனுக்குச் சிக்கனம் என்றே பெயர். பெட்டியின் மூளையான கெர்னல் என்ற மென்பொருளில் ஆயிரக்கணக்கான செயல்களின் பெயர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பொறுக்காமல், யாரும் கூப்பிடாத பெயர்களைப் பெருக்கித் தள்ள ஒரு டூல் எழுதினான். அளவு பாதியானது. அன்றிலிருந்து விரல் ரேகை, கதவு, சைரன் என்று தனித்தனி வேலை செய்யும் மாட்யூல் எதுவும் கெர்னலில் ஏறவில்லை.

போனில் மனைவி வந்தாள். "குக்கர் வெயிட்டைக் காணோம். நீங்கதானே தூக்கிப் போட்டீங்க?"

"அது சும்மா கெடந்துச்சும்மா. யாரும் தொடலை."

"குக்கரை அடுப்புல ஏத்தினாத்தானே அதைத் தேடுவேன்? அறிவு வேணாம்?"

சிக்கனத்துக்குச் சுரீரென்றது. மாட்யூலும் ஏறும்போதுதானே பெயரைத் தேடும்! நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்தான்.

மொத்தமாகத் திருப்பிச் சேர்க்க மனசு வரவில்லை. விரல் ரேகை மாட்யூல் கேட்ட பெயர்களை மட்டும் சேர்த்தான். விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சை எரியுது, கதவு தெறக்கலையேடா!" வெளியே மாட்டிக்கொண்ட மேனேஜர் கத்தினார்.

கதவுக்கான பெயர்களைச் சேர்த்தான். கதவு திறந்தது, திறந்தது மூடவில்லை. சரி, அதைப் பிறகு பார்க்கலாம் என்று சைரனின் பெயர்களைச் சேர்த்தான். திறந்து கிடக்கும் கதவைப் பார்த்த பெட்டி, திருடன் வந்துவிட்டான் என்று முடிவுகட்டி ஊளையிட ஆரம்பித்தது.

"நிறுத்துடா!"

"நிறுத்துற மாட்யூல் தனி சார்! அது கேக்குற பேரெல்லாம் குப்பையில போயிடுச்சு!"

"ஒயரைப் புடுங்கு!"

"புடுங்கிட்டேன் சார்! உள்ள பேட்டரி இருக்கு!"

தெருவே கூடிவிட்டது. வாசலில் கஸ்டமரின் கார் வந்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்த மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். சிக்கனத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு பெயர் விடாமல் அத்தனையையும் கெர்னலில் திருப்பிக் கொட்டினான்.

சைரன் நின்றது. கதவு தானாக மூடியது. விரல் வைத்தால் திறந்தது. மேனேஜர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மூச்சிரைக்க மாடியேறி வந்தார் கஸ்டமரின் டிரைவர். "யாரு சார் அதை நிறுத்தினது? எங்க குடோனுக்கு வர்ற திருடனெல்லாம் மொதல்ல சைரனைத்தான் நிறுத்துறான். யாராலயும் நிறுத்த முடியாத சைரன் கெடைச்சுடுச்சுன்னு எங்க முதலாளி கீழ கண்கலங்கி நின்னுட்டிருந்தாரே!"